சின்ன விஷயத்துக்குப் பெரிய ஆர்ப்பாட்டம்: குடும்ப நல ஆலோசகரிடம் கேள்வி பதில்

வீட்டில் ஒருவர் சின்னக் காரணத்துக்கு வெடிக்கும்போது மற்றவர் என்ன சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்பதைப் பற்றிப் புனைபெயரில் கேளுங்கள். மாத்திரை, அதன் அளவு பற்றிய கேள்விகளை மனநல மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இடியாப்பம்: மேடம், குழம்புல உப்பு ஒரு கல் கம்மியானா போதும், என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுவார். சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். அப்புறம் 2 நாள் பேச்சு கிடையாது. நான் வாயைத் திறந்தா இன்னும் ஏறுது.

பதில்: தட்டைத் தள்ளுகிறாரா, உங்கள் மேல் வீசுகிறாரா? வீசுவது, கை ஓங்குவது, கதவை மறித்து நிற்பது, அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே உங்களுக்கு நடுக்கம் எடுப்பது, இதில் ஏதாவது இருந்தால் கீழே நான் எழுதுவது உங்களுக்கானதல்ல. அது வன்முறை. 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

தள்ளுவதோடு நிற்கிறது என்றால் முதலில் உடம்பைப் புரிந்துகொள்ளுங்கள். தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்து, அவர்கள் சண்டை போடும்போது நாடித்துடிப்பை அளந்து பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியபின் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், உள்ளே இறங்காது என்கிறார். அதனால்தான் "உப்பு சரியாத்தானே போட்டேன்" என்று நீங்கள் சொல்லும் உண்மைகூட அந்த நேரத்தில் எரிகிற அடுப்பில் ஊற்றிய எண்ணெயாகிறது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அந்த நேரத்திலும் மனசுக்குள் வாதத்தை ஓட்டிக்கொண்டே இருந்தால் அடங்காது.

வெடிக்கும்போது நிற்காதீர்கள், உட்காருங்கள். நேருக்கு நேர் வேண்டாம், கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில். குரல் அவர் குரலைவிட ஒரு படி கீழே இருக்கட்டும், முணுமுணுப்பாகப் போய்விட வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம்: "பசியோட வந்து உக்காந்தீங்க, வாயில வச்சதும் கடுப்பாயிடுச்சு." அதோடு நிறுத்துங்கள். பின்னால் "ஆனா" போடாதீர்கள். "ஆனா" வந்த நொடியில் முன்னால் சொன்ன பரிவு முழுக்க அழிந்துபோகிறது. இப்படிச் சொல்வது தப்பை ஒத்துக்கொள்வதாகாது. அவர் நிலைமை உங்களுக்குத் தெரிகிறது என்று காட்டுவது, அவ்வளவுதான்.

அதற்கும் அடங்காவிட்டால்: "சத்தம் கேட்டா எனக்குப் படபடன்னு வருது, பதில் சொல்ல முடியல. மாடிக்குப் போறேன், 20 நிமிஷத்துல வர்றேன், பேசுவோம்." திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாமல் எழுந்து போனால் 'விட்டுட்டுப் போறா' என்றுதான் படும், பின்னாலேயே வருவார். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்துவிடவும் வேண்டும்.

உங்கள் மனசில் இருப்பதை அதற்கப்புறம் சொல்ல வேண்டும், கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பரிவு மட்டும் காட்டிவிட்டு விழுங்கிக்கொண்டே போனால் ஒருநாள் வெடிப்பது நீங்களாக இருப்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் 1960-களிலிருந்து வளர்த்தெடுத்த முறையில் இதற்கு 4 பகுதி: நடந்தது, எனக்கு வந்த உணர்ச்சி, எனக்கு என்ன வேண்டும், உன்னிடம் என்ன கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு அது இப்படி வரும்: "நேத்து ராத்திரி தட்டைத் தள்ளிட்டு எழுந்தீங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. அடுப்படியில ஒரு மணி நேரம் நின்னதுக்கு ஒரு மரியாதை வேணும் எனக்கு. அடுத்த தடவை 'உப்பு எடுத்துட்டு வா'ன்னு மட்டும் சொல்றீங்களா?" நடந்ததைச் சொல்லும்போது கேமரா பிடித்திருந்தால் என்ன தெரியுமோ அதை மட்டும் சொல்லுங்கள். "எப்பப் பாத்தாலும்", "ஒரு நாளாவது" இரண்டும் வந்தால் அவர் விதிவிலக்கான ஒரு நாளைத் தேடிப் பிடித்துவிடுவார், பேச்சு அங்கே போய்விடும். கேட்பதும் செய்யக்கூடியதாக இருக்கட்டும். "இனிமே கோபப்படாதீங்க" என்பதை யாராலும் செய்ய முடியாது.

வாழைத்தண்டு: என் பையனுக்கு 3 வயசு. கேட்டது கிடைக்கலன்னா தரையில விழுந்து அழுவான். அழுதுட்டே மூச்சை அடக்கி உதடு நீலமாயிடுது. பயத்துல கேட்டதைக் கொடுத்துடுறேன்.

பதில்: அழுகை உச்சத்தில் மூச்சு நின்று நீலமாவது 6 மாதத்திலிருந்து 6 வயது வரை சில குழந்தைகளுக்கு வருவதுதான். அவன் வேண்டுமென்று செய்வதில்லை. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக மூச்சு திரும்பும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குலுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், எதையும் திணிக்காதீர்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் 108. இது வரும் குழந்தைகள் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கும், அதனால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கடைத்தெருப் புரளலுக்கு: அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து, "அந்த கார் வேணும்னு ஆசையா இருக்கு, கிடைக்கலன்னு அழுகையா வருது" என்று ஒரு தடவை. பிறகு பேசாமல் பக்கத்தில் இருங்கள். வாங்கித் தரப்போவதில்லை என்றால் கடைசி வரை இல்லை. 10-ஆவது நிமிடத்தில் கொடுத்தால் 10 நிமிடம் அழுதால் கிடைக்கும் என்றுதான் கற்றுக்கொள்வான். ஒருநாள் கொடுத்து ஒருநாள் மறுப்பது எல்லாவற்றையும்விட மோசம், அப்படி வந்த பழக்கம்தான் விடவே விடாது. நீங்கள் உறுதியாக நிற்கத் தொடங்கிய முதல் சில நாட்கள் அழுகை கூடும். அங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள்.

ரயிலடி: எதிராளி கத்தும்போது ஒரே வார்த்தையில அடக்க வழி சொல்லுங்க மேடம்.

பதில்: அப்படி ஒரு வார்த்தை இல்லை. "அமைதியா இரு" என்பது அந்த வார்த்தை இல்லவே இல்லை.

முல்லைக்கொடி: 14 வயசுப் பொண்ணு. ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸப் குரூப்லேர்ந்து தூக்கிட்டாங்கன்னு சாப்பிடாம அழுதா. "இதுக்கா அழுவ"ன்னு அவ அப்பா கேட்டார். கதவை அறைஞ்சு சாத்திட்டு மறுநாள் வரை வெளிய வரல.

பதில்: அந்த வயதில் கூட்டத்தை விட்டுத் தள்ளப்படுவது உங்களுக்கு வேலை போனதற்குச் சமம். அவளுக்கு அது சின்ன விஷயமல்ல. "இதெல்லாம் ஒரு விஷயமா", "அவங்க போனா போறாங்க", "நாங்கல்லாம் அந்தக் காலத்துல" மூன்றையும் இந்த வாரம் சொல்லாதீர்கள். கதவுக்கு வெளியே இருந்து, "எல்லாரும் சேந்து உன்னை மட்டும் விட்டுட்டா வலிக்கத்தான் செய்யும். தோசை மூடி வச்சிருக்கேன். பேசணும்னா நான் ஹால்ல இருக்கேன்" போதும். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு நீங்கள் போன் போடாதீர்கள். கதவை அறைந்ததைப் பற்றி மறுநாள் தனியாகப் பேசலாம்: "கதவு சத்தத்துல திடுக்குன்னு ஆயிடுச்சு. அழு, ஆனா அறையாத." ஆமாம், இங்கே நானே "ஆனா" போடுகிறேன். எல்லை சொல்லும்போது போடலாம், ஆறுதல் சொல்லும்போதுதான் கூடாது. அப்பா ஒரு வரி சொன்னால் நல்லது: "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

கரிசல்காடு: மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த 'எனக்கு இப்படி இருக்கு, எனக்கு இது வேணும்' பேச்செல்லாம் வெள்ளைக்காரன் கிட்டேர்ந்து வந்தது. எங்க ஊர்ல ஒருத்தி புருஷன்கிட்ட இப்படிப் பேசினா சிரிப்பாங்க.

பதில்: பாதி சரி. "நான் வருத்தமாக உணர்கிறேன்" என்று பேசினால் யாரும் சிரிப்பார்கள், நம் வாயில் அது ஒட்டாது. ஆனால் தமிழுக்கு அந்த வாக்கியமே தேவையில்லை. நமக்குப் பசிக்கிறது, குளிர்கிறது, கோபம் வருகிறது, பயமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் "எனக்கு". உணர்ச்சியை என்மேல் வந்த ஒன்றாகத்தான் நம் பேச்சு வைக்கிறது. வந்தது போகும் என்பதும் அதிலேயே இருக்கிறது. "எனக்குக் கோபம் வருது" என்பதில் எதிரே இருப்பவர்மேல் குற்றமே இல்லை. இது கிராமத்துக் கிழவி பேசும் தமிழ், எங்கிருந்தும் வரவில்லை.

நம் குறை வேறு. வயித்தைக் கலக்குது, நெஞ்சை அடைக்குது, மனசு கேக்கல, கை கால் ஓடல, சங்கடமா இருக்கு, ஏக்கமா இருக்கு, பாரமா இருக்கு என்று இத்தனை சொற்கள் இருந்தும் எல்லாவற்றையும் "டென்ஷன்" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். "டென்ஷனா இருக்கு" என்றால் கேட்பவருக்கு எதுவும் தெரியாது, சொல்பவருக்கும் தெரியாது. உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பதே மூளையின் பய மையத்தைத் தணிக்கிறது என்று 2007-இல் அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளைப் படம் எடுத்துக் காட்டினார்கள்.

நாலுகால் மண்டபம்: அப்போ "நீங்க என்னை மதிக்கலன்னு எனக்குத் தோணுது"ன்னா? அதுலயும் "எனக்கு" இருக்கே.

பதில்: நல்ல கேள்வி. "-ன்னு" வந்துவிட்டால் அது எண்ணம், உணர்ச்சியல்ல. அவர்மேல் சாட்டிய குற்றத்துக்கு "எனக்கு" என்று உறை போட்டிருக்கிறோம். "-ன்னு" இல்லாமல் "-ஆ இருக்கு" என்று முடியுமா பாருங்கள்: வருத்தமா இருக்கு, பயமா இருக்கு.

கரிசல்காடு: "எனக்கு அநியாயமா இருக்கு." இப்போ?

பதில்: பிடித்துவிட்டீர்கள். நான் சொன்ன சோதனை அதற்குப் போதாது. அநியாயம், துரோகம், கேவலம் போன்றவை "-ஆ இருக்கு" என்று வந்தாலும் தீர்ப்புகள். இன்னொரு சோதனை சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தச் சொல்லுக்குச் செய்தவர் ஒருவர் தேவையா? அநியாயத்துக்குச் செய்தவர் வேண்டும். பயத்துக்கு, ஏக்கத்துக்கு வேண்டாம், இருட்டைப் பார்த்தாலும் பயம் வரும்.

பனங்கற்கண்டு: அப்படின்னா நீங்க இடியாப்பத்துக்குச் சொன்ன "அவமானமா இருந்துச்சு"?

பதில்: அது எல்லைக்கோட்டில் நிற்கிறது. கால் தடுக்கி விழுந்தாலும் அவமானமாக இருக்கும் என்பதால் விட்டேன். அவர் அதைக் குற்றச்சாட்டாக எடுப்பார் என்று தெரிந்தால் "கூசிப் போச்சு" என்று சொல்லுங்கள்.

கரிசல்காடு: சொல் சரி. ஆனா கத்துறவனுக்கு இவ்வளவு பரிவு காட்டினா தலையில ஏறி உக்காருவானே?

பதில்: பரிவு உணர்ச்சிக்கு, கோரிக்கைக்கு அல்ல. "கோபம் வந்துடுச்சு, புரியுது" என்பது ஒன்று. கத்தியதால் பணத்தை எடுத்துக் கொடுப்பது வேறு. தலையில் ஏறுவது இரண்டாவதால்தான்.

ரோஜாப்பூ மாலை: கத்துறவங்களை உடனே நிறுத்த ஏதாவது வாக்கியம்?

பதில்: ரயிலடிக்குச் சொன்னதுதான்.

தூக்கணாங்குருவி: மாமியார் சண்டை வந்தா மயங்கி விழுறாங்க. பல்லைக் கடிச்சுக்குறாங்க, கை கால் உதறுது. கையில இரும்புச் சாவி கொடுத்துப் பாத்தாச்சு. ஸ்கேன் நார்மல். நடிப்புதானே?

பதில்: நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். வலிப்பு போலவே தோன்றி, மன அழுத்தத்தால் வரும் இழுப்பு உண்டு. அது அவர் இஷ்டப்பட்டு வருவதுமில்லை, இஷ்டப்பட்டு நிற்பதுமில்லை. ஸ்கேன் நார்மல் என்றால் வலிப்பு இல்லை என்றும் பொருளில்லை, அதனால் நரம்பியல் மருத்துவரிடம் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. பார்க்கச் சொல்லுங்கள். வரும்போது போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் அவருக்குப் பெரிய உதவி. சாவி, செருப்பு, வெங்காயம் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி மடித்து வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

செம்பருத்தி: அம்மா எதுக்கெடுத்தாலும் "நான் செத்தா தெரியும்"னு சொல்றாங்க. 10 வருஷமா இதே டயலாக். கண்டுக்காம விடலாமா?

பதில்: விடாதீர்கள். "சும்மா மிரட்டுறாங்க" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எத்தனை வருடமானாலும். கோபம் தணிந்தபின் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "அம்மா, செத்துடலாம்னு நிஜமாவே நினைப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்டால் பாரம் இறங்கும். "ஆமா" என்றோ மௌனமாகவோ இருந்தால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரைகளை எட்டாத இடத்தில் பூட்டுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலும் பேசுவார்கள், இரவிலும் எடுப்பார்கள். "இல்லடி, யாரும் என்னைக் கேக்கறதே இல்ல" என்று சொன்னால், அவர் இத்தனை வருடமாகச் சொல்ல வந்தது அதுதான். அதற்கும் பதில் கொடுங்கள்: "நீங்க அப்படிச் சொல்லும்போது எனக்கு வயித்தைக் கலக்குதும்மா. என்ன வேணும்னு சொல்லுங்க, கேக்கறேன்."

மேகமூட்டம்: மேனேஜர் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கத்துறார்.

பதில்: அலுவலகம் என் துறையல்ல. தேதி, நேரம், சொன்ன சொல் எழுதி வைத்துக்கொண்டு மனிதவளப் பிரிவிடம் போங்கள்.

நள்ளிரவு: கத்துறதே நான்தான் மேடம். கத்தி முடிச்சதும் பிள்ளைங்க முகத்தைப் பாக்க முடியல.

பதில்: இதைக் கேட்டதற்கே உங்களுக்கு என் மரியாதை. வெடிப்புக்கு முன்னால் உடம்பு சொல்லும்: தாடை இறுகும், காது சூடாகும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். வந்ததும் குழாயடிக்குப் போய், குனிந்து மூச்சைப் பிடித்து, குளிர்ந்த தண்ணீரைக் கண்ணிலும் கன்னத்திலும் 15 முதல் 30 விநாடி ஏந்துங்கள். இதயத்துடிப்பு குறையும். இதய நோய் இருந்தால் வேண்டாம். அதற்குப் பதில் 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள், 5 நிமிடம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். எந்த நேரத்தில் கத்துகிறீர்கள் என்றும் எழுதுங்கள். பலருக்கு அது சாப்பிடாத மாலை 6 மணி, அல்லது மாதவிலக்குக்கு முந்தைய வாரம். தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் அன்றே மன்னிப்பு: "கத்திட்டேன். நீ பயந்துட்ட. அது உன் தப்பில்ல. எனக்கு ரொம்ப அலுப்பா இருந்துச்சு, அதைச் சொல்லியிருக்கணும்." "நீ அப்படிப் பண்ணதாலதான்" வேண்டாம்.

ஆலமரத்தடி: கோபக்காரங்களை அமைதியாக்க ஒரு வரி டிப்ஸ் ப்ளீஸ்.

பதில்: மேலே படியுங்கள் ஐயா. இது மூன்றாவது.

இடியாப்பம்: மேடம், ஒண்ணே ஒண்ணு. 20 நிமிஷம் கழிச்சு நான் இறங்கி வந்தா அவர் போர்வையைப் போத்திட்டுப் படுத்துட்டா?

பதில்: எழுப்பாதீர்கள். "நாளைக்கு சாயங்காலம் காபி குடிக்கும்போது பேசலாம், எனக்கு 10 நிமிஷம் வேணும்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள். மறுநாள் நீங்களே காபியோடு போய் உட்காருங்கள். குழம்பைப் பற்றி மட்டும் பேசுங்கள், போன தீபாவளிக்கு என்ன செய்தார் என்பது அன்றைக்கு வேண்டாம்.