குடிலைச் சூடாக்க வேண்டாம், தட்டைச் சூடாக்கினால் போதும்

ஊட்டி காந்தல் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் 8 அடிக்கு 6 அடியில் பாலித்தீன் போட்ட சின்ன பசுமைக்குடில் வைத்திருக்கிறார். போன ஜனவரியில் தக்காளி, குடைமிளகாய் நாற்று நான்கு தட்டும் ஒரே ராத்திரியில் போய்விட்டது. "பாலித்தீனுக்குள்ளே இருந்தும் எப்படிக் கருகியது? வந்து பார்த்த ஒருவர் ஹீட்டர் போட 38 ஆயிரம் ஆகும், மானியமும் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்கிறார். கரண்ட் பில்லை நினைத்தாலும் பயம். செலவு குறைவாக ஏதாவது வழி உண்டா?" என்று கேட்கிறார்.

உண்டு அம்மா. அதற்கு முன் உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன், அது புரிந்தால் மீதி சுலபம்.

பகலில் குடிலுக்குள் சூடு நிற்கிறது, ராத்திரியும் நிற்கும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். நிற்காது. இரவு முழுக்க மண்ணும் இலையும் தங்கள் சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுக்கொண்டே இருக்கின்றன. கண்ணாடி அதை மறிக்கும். சாதாரண பாலித்தீன் பெரும்பகுதியை அப்படியே வெளியே விட்டுவிடும். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் குடிலுக்குள் வெளியைவிட ஒரு டிகிரி குறைவாகவே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், நீங்கள் இருப்பது பள்ளம். குளிர்ந்த காற்று கனமானது, மேட்டிலிருந்து தண்ணீர்போல வழிந்து வந்து உங்கள் பக்கம் தேங்கும். காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஷீட்டின் உள்பக்கம் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும், தக்காளி இலை வெந்த கீரைபோலக் கரும்பச்சையாகத் தொங்கும்.

இப்போது ஹீட்டர் கணக்கு. உங்கள் குடிலின் சுவரும் கூரையும் சேர்த்து ஏறக்குறைய 22 சதுர மீட்டர் இருக்கும். ஒற்றைப் பாலித்தீன் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசம் வைத்திருக்க வேண்டுமென்றால் சுமார் 1300 வாட் ஓட வேண்டும். 12 மணி நேரத்துக்குப் பதினைந்து, பதினாறு யூனிட். ஒரு ராத்திரிக்கு! இரண்டு மாதம் அப்படி ஓட்டினால் 900 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போனதற்கு மட்டுமல்ல, கீழ்க் கட்டணப் படிகளுக்கும் விகிதம் மாறிவிடும் என்பது பில் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. குளிரே தெரியாத சென்னைக்கும் ஜீரோ டிகிரியில் விடியும் ஊட்டிக்கும் ஒரே படி, ஒரே கணக்கு. மலைக்காரர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு சலுகை கொடுக்கலாமே என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அந்த 1300 வாட்டில் நாற்றுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். மீதி கூரை வழியாகப் போய்விடும். நாற்றுக்குச் சூடு வேண்டியது வேரில். தக்காளி, குடைமிளகாய் விதை முளைக்கத் தட்டுக்குள் 25 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். முளைத்த பிறகு இரவில் 12, 13 டிகிரி இருந்தாலே நன்றாக வளரும். அதனால் தட்டின் அடியில் சூடு, தட்டின் மேல் போர்வை. இவ்வளவுதான் விஷயம்.

முளைக்கும்வரை குடிலே வேண்டாம். விதை போட்ட குழித்தட்டை ஈரச் சாக்கால் மூடி, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வையுங்கள். இந்த விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் தேவையில்லை. தினமும் காலையில் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். முதல் முளை வளைந்து தலை காட்டிய அன்றே வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் நூல் மாதிரி நீண்டுவிடும்.

குடிலுக்கு வந்ததும், மூங்கில் பத்தையையோ கம்பியையோ வில்லாக வளைத்துத் தட்டுகளுக்கு மேல் ஓர் அடி உயரத்தில் சின்னக் கூடாரம் போடுங்கள். மாலை நாலு மணிக்குக் குடிலின் திறப்புகளை அடைத்துவிடுங்கள். ஐந்து மணிக்குக் கூடாரத்தின் மேல் பழைய கம்பளி. வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் என்ற செடியைக் கொண்டு மூடுகிறார்களே, அதே வேலைதான் இது. இலை வானத்தைப் பார்க்கக் கூடாது.

அடியில் சூட்டுக்கு மின்சாரம் வேண்டுமென்றால் நாற்றுத் தட்டுக்கென்றே வரும் ஹீட் மேட், அதாவது சூடேறும் விரிப்பு, போதும். 20 வாட் மேட் நான்கு போட்டால், ஒரு ராத்திரிக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். கோழிக்குஞ்சுப் பெட்டிக்குப் போடுவதுபோல அடியில் குண்டு பல்பு வைத்தும் செய்யலாம். குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குப் போடுகிற, சூடு ஏறியதும் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் வாங்கி, அதன் முனையைத் தட்டின் தென்னைநார்க் கழிவுக்குள் புதைத்து வையுங்கள். ஈரமான இடம் என்பதால் எர்த் இணைப்பும் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஸ்விட்சைப் போடாதீர்கள். இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம்.

மின்சாரமே வேண்டாம் என்றால் எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் குதிரைக்குப் பஞ்சமில்லை. 4 அடிக்கு 3 அடி பெட்டியில் 2 அடி உயரத்துக்குப் புதுக் குதிரைச் சாணத்தை வைக்கோலோ சருகோ கலந்து மிதித்து நிரப்புங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. மேலே சாக்கு. மூன்றாம் நாளே ஆவி கிளம்பும், உள்ளே கை வைக்க முடியாது, 55, 60 டிகிரிக்குப் போகும். அவசரப்பட்டு அன்றே தட்டை வைத்துவிட்டு, "சாணம் சுட்டுவிட்டது" என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து 30 டிகிரிக்கு இறங்கியதும் மேலே நாலு விரல் மண் பரப்பித் தட்டுகளை வையுங்கள். ஒரு மாதம் வரை அடிச்சூடு தாங்கும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் காய்கறித் தோட்டக்காரர்கள் குளிர்காலம் முழுக்க இப்படித்தான் பிழைத்தார்கள். மாட்டுச்சாணம் இவ்வளவு சூடேறாது. அம்மோனியா வாடை அடிக்கும், பகலில் திறந்து விடுங்கள். கையுறை போடுங்கள், கையில் புண் இருந்தால் டெட்டனஸ் ஊசி முக்கியம்.

உறைபனி நிச்சயம் என்று தெரியும் ராத்திரிக்கு வெந்நீர் போதும். விறகு பாய்லரில் காய்ந்த தண்ணீர் 20 லிட்டரை ஒரு மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, சாக்கு சுற்றி, கூடாரத்துக்குள் வையுங்கள். 60 டிகிரி தண்ணீர் விடியும்போது 15 டிகிரிக்கு ஆறினால், ஒரு யூனிட் மின்சாரத்தின் சூட்டை அது கொடுத்திருக்கும்.

கரி அடுப்பு மட்டும் கூடவே கூடாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்கு அறைக்குள் கரி மூட்டித் தூங்கி உயிர் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். மூடிய குடிலும் அப்படித்தான். விடிகாலையில் கதவைத் திறந்து தலையை நீட்டுவது நீங்கள்தானே? நாற்றுக்கும் ஆகாது. அப்படிக் கரி வைத்த ஒரு குடிலை நான் போய்ப் பார்த்தபோது, பனி படாத தக்காளி இலைகளும் காம்போடு கீழே வளைந்து தொங்கின. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வரும் எத்திலீன் வாயு செய்யும் வேலை அது. மெழுகுவர்த்தி மேல் மண்சட்டி கவிழ்த்தால் அறையே சூடாகும் என்ற வீடியோவையும் நம்பாதீர்கள். மெழுகில் உள்ள சூடுதான் வரும், சட்டி ஒன்றையும் கூட்டாது.

தட்டின் அடியில் சூடு வேண்டும் என்றேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் குடில் தனியாக நிற்கிறதா, வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஒட்டி நின்றால் கணக்கு மாறும். ஆனால் ஏதோ ஒரு சுவர் இருந்தால் போதாது. டிசம்பர், ஜனவரியில் வெயில் தெற்கே சாய்ந்து வருவதால் வீட்டின் தெற்குச் சுவர் வேண்டும், அல்லது பிற்பகல் வெயில் வாங்கும் மேற்குச் சுவர். வடக்குச் சுவர் என்றால் விட்டுவிடுங்கள். கருங்கல்லோ கனமான செங்கல்லோ ஆக இருக்க வேண்டும், தகரத்திலும் பலகையிலும் சூடு தங்காது. வெள்ளையடித்திருந்தால் குடிலுக்குள் வரும் பகுதிக்கு மட்டும் கரும்பூச்சு கொடுங்கள். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தாலும் அத்தனையும் வீண், அதைத் துணி வைத்து அடையுங்கள். அந்தப் பக்கம் சமையலறையோ பாய்லர் அறையோ இருந்தால் இன்னும் நல்லது. இத்தனையும் பொருந்தினால் தட்டுகளைச் சுவரை ஒட்டி வைத்துக் கம்பளி மட்டும் போடுங்கள். பெரும்பாலான ராத்திரிக்கு வேறெதுவும் தேவைப்படாது.

கடைசியாக, அந்த 38 ஆயிரம். தேசிய தோட்டக்கலை இயக்கத்தில் பசுமைக்குடிலுக்கு 50 சதவீத மானியம் இருப்பது உண்மைதான். அது சிட்டா, அடங்கல் வைத்துச் சாகுபடி செய்யும் விவசாயிக்கு. கொல்லையில் நிற்கும் 48 சதுர அடிக்கு இல்லை. தகுதி உள்ளவர்களும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ தாங்களே பதியலாம், நடுவில் ஆள் எதற்கு? இந்த ஆட்கள் முதலில் விலையை இரட்டிப்பாக்கி, பாதி மானியத்தில் வரும் என்று சொல்லி, மீதியை முன்பணமாக வாங்கிக்கொள்வார்கள். பிறகு "ஃபைல் மேலே போயிருக்கிறது" என்ற பதில்தான் கிடைக்கும். அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. மாடித் தோட்டத்துக்குப் பையும் விதையும் கொடுக்கும் திட்டங்களில், வருடம் தவறாமல் உறைபனி விழும் ஊருக்கு ஒரு போர்வைத் துணி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் நுழைகிறார்கள்.

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். இன்று ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தட்டு மட்டத்தில் மாட்டி, ஒரு வாரம் விடிகாலை அளவைக் குறித்து வையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே போகாத ராத்திரிகளில் நாற்று பிழைக்கக் கம்பளியே போதும்.