தபால் பையோடு வந்த பாட்டுக்காரர்

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் 'பிழைக்கத் தெரிந்த பாடலாசிரியர்கள்' என்று சினிமாக்காரர்களைக் கிண்டல் செய்திருந்தீர்கள். சரி, பிழைக்கத் தெரியாத ஒருவரைச் சொல்லுங்களேன், நீங்கள் நிஜமாகவே மதிக்கிற ஆளாக.
- வில்லிவாக்கம் வாசகர்

ஜான் பிரைன். ஆனால் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்காவில் கன்ட்ரி என்று சொல்கிற பாட்டையும் நாட்டுப்புறப் பாட்டையும் கலந்து எழுதியவர். சிகாகோவுக்குப் பக்கத்தில் மேவுட் என்ற ஊரில் 1946-ல் பிறந்தவர், 2020 ஏப்ரலில் கொரோனா கொண்டுபோய்விட்டது. பாட்டுக்கு வருவதற்கு முன்னால் தபால்காரர். புத்தகமே இல்லாத நூலகத்துக்குள் சுற்றுகிற மாதிரியான வேலை அது என்று சொல்லியிருக்கிறார். கால் தன் பாட்டுக்கு நடக்கும், மனசு சும்மா இருக்கும், பாட்டு எழுதலாம். அந்த ஊரில் தபால்காரருக்கான அடுத்த கட்டுக் கடிதங்களை வழியில் ஓர் இரும்புப் பெட்டியில் போட்டு வைப்பார்கள், நம்ம தெருமுனை ஈ.பி. பாக்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காற்று தாங்காமல் மனுஷன் அதற்குள் புகுந்துகொண்டு மத்தியானச் சாப்பாட்டை முடிப்பாராம். 'ஹலோ இன் தேர்' பாட்டில் கொஞ்சம் அந்தப் பெட்டிக்குள் எழுதியது.

அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது அல்லிக்குளம் வளாகத்தில் வாங்கிய ஒரு பழைய கேசட்டில். அட்டையில்லை, பேர் இல்லை, 15 ரூபாய். இரண்டு நாள் வேறு பாட்டு கேட்கவில்லை. வயதான தம்பதி, பட்டணத்து அபார்ட்மென்ட். பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டார்கள், ஒருவன் கொரியப் போரில் செத்துப்போனான், எதற்காக என்று இன்னும் இவர்களுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் பின்வாசல் வலைக்கதவு வழியாக வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கிழவருக்கு ஃபேக்டரியில் கூட வேலை பார்த்தவரைக் கூப்பிடலாமா என்று ஒரு நினைப்பு. ஆனால் 'என்ன விசேஷம்' என்று அவர் கேட்டால் என்னத்தைச் சொல்வது? அவ்வளவுதான் பாட்டு. அழு என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை.

எங்கள் பிளாட்டில் கீழ்வீட்டுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், பையன் நியூஜெர்சி, பெண் பெங்களூர். சாயந்திரம் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் பேர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவார், ஒரு பேரில் நிற்பார், அப்புறம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இருபதுகளின் தொடக்கத்தில் இந்தப் பாட்டை எழுதிய பிரைனுக்கு இது எப்படித் தெரிந்தது? சின்ன வயதில் ஒரு முதியோர் இல்லத்தில் பேப்பர் போட்டிருக்கிறார். அங்கே சிலர், மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக, இவரைத் தங்களைப் பார்க்க வந்த பேரன் மாதிரி நடத்துவார்களாம். பார்த்ததை எழுதினார். நான் மதிப்பது அதைத்தான்.

அவ்வளவு நல்லவர் என்றால் ஹிட் பாட்டே கிடையாதா? இருந்தும் உதறினாரா?
- அண்ணாநகர் வாசகி

உதறியதும் உண்டு, கதை வேடிக்கையானது. நண்பர் ஸ்டீவ் குட்மேனோடு சேர்ந்து கன்ட்ரி பாட்டுகளையே கேலி செய்து ஒரு பாட்டு எழுதினார். 'இது கோமாளித்தனம், அந்த உலகத்து ஆட்கள் மனசு புண்படும், என் பேர் வேண்டாம்' என்று ஒதுங்கிவிட்டார். 1975-ல் டேவிட் ஆலன் கோ என்ற பாடகர் பாடி அது பெரிய ஹிட். பேர் குட்மேனுக்கு மட்டும், பணமும் அப்படியே. குட்மேன் நன்றி மறக்காமல் ஒரு ஜூக்பாக்ஸ், அதாவது காசு போட்டால் பாடுகிற பெட்டி, வாங்கிக் கொடுத்தார். எனக்கு யாரும் ஒரு டேபிள் ஃபேன்கூட வாங்கித் தந்ததில்லை.

நான் சாலிகிராமத்தில் அறை எடுத்துத் தங்கி வாய்ப்பு தேடுகிறேன், மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறேன். கேட்டதும் மனசில் ஒட்டிக்கொள்கிற 'ஹூக்' வரி வேண்டும், ரீல்ஸுக்கு ஆக வேண்டும் என்கிறார்கள். உண்மையாக எழுதினால் சோறு கிடைக்குமா, சார்?
- ஒரு தம்பி

தம்பி, ஹூக் எழுதுவது பாவமில்லை. நானும் ஒரு சோப்புத்தூளுக்கு நான்கு வரி எழுதி அந்தக் காசில் ஃபிரிட்ஜ் வாங்கியவன், அந்த ஃபிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது. மேலே சொன்ன ஆளையும் காசு வேண்டாத சாமியார் என்று நினைத்துவிடாதே. 1971-ல் முதல் இசைத்தட்டு வந்தது அட்லான்டிக் என்ற பெரிய நிறுவனத்தில்தான். அதில்தான் வியட்நாமிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய் பாட்டும், அப்பா அம்மாவின் கென்டக்கி ஊரை நிலக்கரிக்காகத் தோண்டி எடுத்ததைப் பற்றிய பாட்டும் இருக்கின்றன. இரண்டுமே எந்தக் கம்பெனியும் கேட்டு வாங்கியவை இல்லை. பத்து வருஷம் பெரிய கம்பெனிகளில் இருந்துவிட்டு, 1981-ல் மேனேஜரோடு சேர்ந்து 'ஓ பாய்' என்று சொந்தமாக ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி ஆரம்பித்தார். பாட்டு கேட்கிறவர்களே அடுத்த ஆல்பத்துக்கான பணத்தை முன்கூட்டியே தபாலில் அனுப்பினார்கள். தபால்காரருக்குத் தபாலிலேயே சோறு வந்தது! 1991-ல் அந்தச் சின்னக் கம்பெனி போட்ட ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது. இதுவா பிழைக்கத் தெரியாத ஆள்? பாட்டை மாற்றுவதற்குப் பதிலாகக் கடையை மாற்றிக்கொண்டார்.

உனக்கு ஒரு உருப்படியான விஷயம். நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது. சினிமாவுக்கு எழுதிய பாட்டு தியேட்டருக்கு வெளியே, ரேடியோவிலோ ஆன்லைனிலோ ஓடினால், ராயல்டியில் உன் பங்கை நீ தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோதான் போகும். ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்தில் உறுப்பினராகலாம். என்னிடம் ஒரு தயாரிப்பு ஆபீஸில், காபி கொடுத்து, 'சும்மா ஃபார்மாலிட்டி சார்' என்று பதினோரு பக்கம் நீட்டினார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். காபி நன்றாகத்தான் இருந்தது. நீ படித்துவிட்டுப் போடு.

அமெரிக்காக்காரரை இவ்வளவு தூக்கி வைக்கிறீர்களே, நம்மிடம் ஆளே இல்லையா?
- வியாசர்பாடி வாசகர்

நீங்கள் இருக்கிற ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா! சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மரண கானா பாடுகிறார்களே, செத்தவர் என்ன வேலை பார்த்தார், யாரைக் கட்டினார், யாரிடம் சண்டை போட்டார், குடித்தாரா, எல்லாம் பாட்டில் வந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூடவே வாழ்ந்தவர்கள். ஒரு வரி பொய் சொன்னாலும் 'ஏய், அவரு அப்படி இல்லப்பா' என்று அங்கேயே பிடித்துவிடுவார்கள். இதைவிடக் கறாரான எடிட்டர் எந்த ஊர் ஸ்டுடியோவிலும் கிடையாது.

பட்டுக்கோட்டையாரும் இருக்கிறார். விவசாயம், மாடு மேய்ப்பு என்று பதினேழு வேலை பார்த்தவர் என்பார்கள். 29 வயதில், 1959-ல் போய்விட்டார். அவர் அதிகம் எழுதியது சினிமாவுக்குத்தான், நன்றாக ஓடிய படங்களுக்கும் எழுதினார், அதில் ஒரு வரிகூடக் கெட்டுப்போகவில்லை. ஆகவே சினிமா என்றாலே சமரசம் என்று கடிதம் எழுதுகிறவர்கள் தயவுசெய்து இந்த வாரம் எழுத வேண்டாம்.

யூடியூபில் ஜான் பிரைனைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு வீடியோவில் குரல் மூக்கால் பாடுகிற பையன் மாதிரி, இன்னொன்றில் கரகரவென்று தாத்தா மாதிரி. ஒரே ஆளா?
- திருவான்மியூர் வாசகி

ஒரே ஆள்தான் அம்மா. 1998-ல் கழுத்தில் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கழுத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள், குரல் கீழே இறங்கிவிட்டது. அவருக்கு அந்தப் புதுக் குரல்தான் பிடித்திருந்ததாம். 2018-ல், 71 வயதில், அந்தக் குரலோடு போட்ட ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதல் ஐந்துக்குள் வந்தது. அதற்கு முன் அவ்வளவு உயரத்துக்கு அவர் போனதில்லை.

'ஹலோ இன் தேர்' பாட்டை முதலில் 1971 குரலில் கேளுங்கள், அப்புறம் வயதான பிறகு மேடையில் பாடியதைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். முதலில் கிழவரைப் பற்றி ஒரு பையன் பாடுவான். இரண்டாவதில் கிழவரே பாடுவார், ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.