வாசகர் கேள்விகள்: ஜெர்மனியில் முதல் இரண்டு வாரம்

(பதில் சொல்பவர் விருதுநகர்க்காரர். ஜெர்மனியின் ஆஹன் நகரில் முதுகலை படித்து, அங்கேயே பொறியாளராக வேலை பார்க்கிறார். ஒவ்வொரு அக்டோபரிலும் புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்குக் கூடமாட உதவி செய்பவர்.)

என் மகனுக்கு ஆஹன் நகரத்து ஆர்டபிள்யூடிஎச் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறான். போனதும் முதலில் எதைச் செய்ய வேண்டும்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
வாசகி, கும்பகோணம்

அம்மா, செய்ய வேண்டியது அவ்வளவு இருப்பதால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது முகவரிப் பதிவு. நம் பிள்ளைகள் ‘சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன்’ என்பார்கள், அந்த ஊர்க்காரர்கள் ‘அன்மெல்டுங்’ என்பார்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் போய், இன்ன வீட்டில் இருக்கிறேன் என்று பதிய வேண்டும். இது சட்டம். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘இவர் இன்ன தேதியில் என் வீட்டுக்குக் குடிவந்தார்’ என்று வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தனிப் படிவம் ஒன்று வேண்டும். சாவி கைக்கு வரும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடச் சொல்லுங்கள். பிறகு தருகிறேன் என்பவரைத் தேடிப் பிடிப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும்.

பதிந்ததும் கையில் கொடுக்கும் அந்த ஒரு தாளை வைத்துத்தான் மற்ற எல்லாம் நகரும். பல வங்கிகள் அதைப் பார்த்த பிறகே கணக்குத் திறக்கும். கணக்கு இருந்தால்தான், பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே செலவுப் பணம் கட்டிவைக்கும் கணக்கு) நீங்கள் கட்டிய 11,904 யூரோவிலிருந்து மாதாமாதம் 992 யூரோ அவனுக்கு வரும். பகுதிநேர வேலைக்கு வேண்டிய வரி எண் தபாலில், பதிந்த முகவரிக்கே வரும். விசா முடிவதற்குள் வாங்க வேண்டிய குடியிருப்பு அனுமதிக்கும் இதே தாளைக் கேட்பார்கள். அக்டோபரில் ஊரே மாணவர்களாக இருக்கும், அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம். தங்கும் இடம் உறுதியானதுமே, கும்பகோணத்தில் இருந்தபடியே இணையத்தில் பார்த்து நேரம் எடுத்துவைக்கட்டும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அன்று எந்த அலுவலகமும் திறந்திருக்காது.

அடுத்தது தபால் பெட்டி. இதை ரொம்பப் பேர் கோட்டை விடுகிறார்கள். மாணவர்கள் இருக்கும் கட்டடங்களில் உள்ளே நுழைந்ததும் சுவரில் வரிசையாகத் தகரப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் விரல் அகலத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு, அதில் பெயர். தபால்காரர் அந்தச் சீட்டைத்தான் பார்க்கிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். போன வருஷம் ஒரு பையனின் வங்கி அட்டை, அதற்கான ரகசிய எண், வரி எண் மூன்றுமே இப்படித் திரும்பிப் போயின. அவன் வாரக்கணக்கில் நண்பர்களிடம் கடன் வாங்கிக் காலம் தள்ளினான்.

இதில் நம்மவர்களுக்கு மட்டும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருக்கும். அங்கே எல்லாக் கடிதமும் அந்தப் பெயருக்கே வரும். மகன் தன் பெயரை மட்டும் எழுதி ஒட்டினால் பிரயோஜனம் இல்லை. உங்கள் கணவர் பெயரும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். நான் யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும், சாவி வாங்கிய கையோடு இந்தச் சீட்டை ஒட்டவைத்துவிட்டுத்தான் மாடி ஏற விடுவேன்.

வாட்ஸ்ஆப்பில் ஒருவர் அறை இருப்பதாகச் சொல்லிப் படங்கள் அனுப்பினார். வாடகை 280 யூரோதான். அவர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறாராம். இரண்டு மாத வாடகையை அட்வான்ஸாக அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். அனுப்பலாமா அக்கா?
மாணவர், திருநெல்வேலி

அனுப்பாதே தம்பி. ஒரு யூரோகூட அனுப்பாதே. வெளிநாட்டில் இருக்கிறேன், சாவி கூரியரில் வரும், இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே பணம் போடு: இந்த நாலு பேச்சும் சேர்ந்து வந்தால் அது மோசடிதான். ஊரில் நகையை அடகு வைத்து அனுப்பிய பணம் இப்படிப் போன வீடுகள் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் இதே கதையைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

அட்வான்ஸ் கேட்பது தப்பில்லை. ஜெர்மன் சட்டப்படி அது மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உனக்கு உரிமை உண்டு. விளம்பரத்தில் ‘கோல்ட்’ (cold) வாடகை என்று போட்டிருந்தால் வெந்நீர், ஹீட்டர் செலவு அதில் சேராது. அவையும் சேர்ந்து ‘வார்ம்’ (warm) என்று போட்டிருக்கும் தொகையை வைத்தே கணக்குப் போடு. பார்க்காத அறைக்குப் பணம் கட்டுவதைவிட, முதல் சில வாரத்துக்கு மாணவர் விடுதி அறை ஒன்றைத் தற்காலிகமாக எடு. படித்துக்கொண்டிருப்பவர்கள் பயிற்சிக்கு வேறு ஊர் போகும்போது தங்கள் அறையை உள்வாடகைக்கு விடுவார்கள். அங்கே இருக்கும் நம் சீனியர் யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டு முடிவு செய். ‘அந்த முகவரியில் என் பெயரைப் பதிய முடியுமா?’ என்று முதலிலேயே கேட்டுவிடு. முடியாது என்பவரின் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் உனக்கு வேண்டாம்.

பெட்டியில் என்னென்ன கொடுத்து அனுப்பலாம்? நெய், பால்கோவா கொடுக்கலாமா?
வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

உங்கள் ஊர்ப் பால்கோவாவை வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஆனால் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. நெய்யும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு சின்ன குக்கர் போதும். கனத்த கோட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும், இங்கே விற்கும் ஸ்வெட்டர் அந்தக் குளிருக்குக் காணாது. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

டிக்கெட் போடும்போது சனிக்கிழமை ராத்திரி போய் இறங்குகிற மாதிரி போடாதீர்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக் கடைகளை விட்டால் வேறு வழியில்லை. செவ்வாய், புதன் உத்தமம்.

மகள் போய் ஒரு வாரம்தான் ஆகிறது. போனில் அழுகிறாள். திரும்பி வரச் சொல்லிவிடலாமா?
ஒரு தந்தை, சிவகாசி

ஐயா, வரச் சொல்லாதீர்கள். அழட்டும், கேட்டுக்கொண்டிருங்கள். முதல் வாரத்தில் அழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அடுத்த அறையில் ஆள் இருந்தும் பேச்சுச் சத்தமே கேட்காத வீடு அவளுக்குப் புதிது.

ஆனால் அவளை அறையிலேயே அடைந்துகிடக்க விடாதீர்கள். ஆஹனில் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். செமஸ்டர் கட்டணத்தோடு வரும் பயணச்சீட்டில் நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் போகலாம். ஆர்இ 1 என்ற ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் ஹம் என்ற ஊருக்குப் போய்விடலாம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் போனால் ஊன்ட்ராப்பில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எழுப்பிய கோயில் அது, 2002-இல் கும்பாபிஷேகம் நடந்தது. கோபுரத்தைப் பார்த்து, நாலு பேரிடம் தமிழில் பேசிவிட்டு வரட்டும். கூட ஒரு வகுப்புத் தோழியும் போனால் இன்னும் நல்லது.

ஒன்றைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். இப்போது மூன்றரை மணி நேரமாக இருக்கும் வித்தியாசம் அன்றிலிருந்து நாலரை மணி ஆகிவிடும். அன்றைக்கு வழக்கமான நேரத்தில் போன் வரவில்லையென்றால் பதறாதீர்கள், ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுவாள்.