சுவிட்சர்லாந்து போறீங்களா? கைச்செலவுக்கு எவ்வளவு, எதுல போகும், எதுல போகாது

வாசகி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "ஜூன் மாசம் நான், வீட்டுக்காரர், மாமியார், 9 வயசு பொண்ணு நாலு பேரும் 7 நாள் சுவிட்சர்லாந்து போறோம். எங்களுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். ஃப்ளைட், ஹோட்டல் எல்லாம் புக் பண்ணியாச்சு. சூரிக்ல 2 நாள், இன்டர்லாக்கன்ல 3 நாள், லூசெர்ன்ல 2 நாள். ஒரு தண்ணி பாட்டில் வாங்கவே யோசிக்கணும்னு ஆளாளுக்கு பயமுறுத்துறாங்க. சாப்பாடு, டிரெயின், சில்லறைச் செலவு எல்லாம் சேத்து எவ்வளவு வச்சுக்கணும்? மாமியார் சுத்த சைவம், முட்டை கூட தொடமாட்டாங்க."

முதல்ல தொகையை சொல்லிடறேன், ஏன் அவ்வளவுன்னு அப்புறம் பாக்கலாம். உங்க நாலு பேருக்கும் 7 நாளைக்கு 2,100ல இருந்து 2,400 சுவிஸ் பிராங்க். இதுல ஒரு பெரிய மலைப்பயணமும் ஊர் விட்டு ஊர் போற டிரெயினும் அடக்கம், ஷாப்பிங் கணக்குல இல்ல. யூரோ மாத்திட்டு போகாதீங்க, அந்த நாடு யூரோ நாடு இல்ல. டூரிஸ்ட் கடைகள்ல யூரோ வாங்குவாங்கதான், ஆனா அவங்க போடற ரேட்டுல நமக்குத்தான் நஷ்டம், மீதியும் பிராங்க்லதான் தருவாங்க.

அங்க எல்லாமே விலை அதிகம்னு ஒரே வரியில சொல்லிட்டு போறாங்க பாருங்க, அது பாதிதான் உண்மை. உங்களுக்காக ஒரு ஆள் நின்னு வேலை செய்யற இடத்துலதான் விலை எகிறும். ஜெனீவா மாநிலத்துல குறைஞ்சபட்ச சம்பளமே மணிக்கு 24 பிராங்கை தாண்டிடுச்சு, அப்ப சமைக்க ஒருத்தர், பரிமாற ஒருத்தர், தட்டு கழுவ ஒருத்தர்னு இருக்கற ரெஸ்டாரன்ட்ல என்ன பில் வரும்னு நீங்களே யோசிங்க. டாக்சியும் அப்படித்தான், சூரிக் ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள வர 60, 70 பிராங்க் ஆயிடும், அதே தூரத்துக்கு டிரெயின்ல ஆளுக்கு 7 பிராங்க், பத்து பன்னண்டு நிமிஷம்தான். நீங்களே போய் எடுத்து, நீங்களே தூக்கிட்டு வர்ற சாமான் எதுவும் அவ்வளவு பயங்கரமா இருக்காது. இந்த ஒரு விஷயம் மனசுல இருந்தா போதும், எந்த கடைக்குள்ள நுழையலாம் எதுல நுழையக்கூடாதுன்னு வாசல்லயே தெரிஞ்சிடும்.

தண்ணி பத்தி பயமே வேண்டாம். அங்க குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம், ஹோட்டல் ரூம்ல பாத்ரூம் குழாய்ல வர்றது உட்பட. சூரிக் நகரத்துல மட்டும் 1,200க்கு மேல நீரூற்றுத் தொட்டிங்க இருக்கு, தெருவுல நடந்து போகும்போது பாட்டிலை நீட்டி பிடிச்சுக்க வேண்டியதுதான். "கைன் ட்ரிங்வாஸர்"னு எழுதியிருந்தா மட்டும் அது குடிக்கற தண்ணி இல்ல. நாலு பேருக்கும் ஆளுக்கொரு காலி பாட்டில் எடுத்துக்கங்க. நான் முதல் தடவை போனப்ப இது தெரியாம ஒரு ரெஸ்டாரன்ட்ல உக்காந்து, நாலு பேரும் சாப்பாட்டோட சேத்து ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில் சொல்லிட்டோம், பில்லைப் பாத்தா தண்ணிக்கு மட்டும் 20 பிராங்குக்கு மேல போட்டிருக்கான். இன்னிக்கு வரைக்கும் வீட்டுல யாராவது ஹோட்டல்ல தண்ணி ஆர்டர் பண்ணா எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பாப்பாங்க.

சாப்பாட்டுக்கு வருவோம், ஏன்னா அங்கதான் தினமும் பணம் கரையும். சாதாரண ரெஸ்டாரன்ட்ல உக்காந்து ஒரு தட்டு சாப்பிட்டா ஆளுக்கு 25ல இருந்து 35 பிராங்க், ஒரு பிட்சாவே 20 பக்கம், காபி 5 பிராங்க் மாதிரி. மூணு வேளையும் இப்படின்னா நாலு பேருக்கு ஒரு நாளைக்கே 300 போயிடும். அதுக்கு பதிலா காலைல ஹோட்டல்ல டிபன் சேத்து புக் பண்ணியிருந்தா அங்கயே நல்லா சாப்பிட்டுடுங்க, மதியம் சூடா ஒரு சாப்பாடு, ராத்திரிக்கு சூப்பர்மார்க்கெட். மதியச் சாப்பாட்டுக்கு மிக்ரோஸ், கோப்னு ரெண்டு பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கு, அதுங்களே நடத்தற செல்ஃப் சர்வீஸ் ரெஸ்டாரன்ட்டுக்கு போங்க. தட்டை நீங்களே எடுத்துட்டு போய் காசு கட்டி உக்காரணும், அதான் 15, 18 பிராங்குக்குள்ள முடியுது. இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனுக்கு எதிர்லயே கோப் இருக்கு, மலைக்கு போற அன்னிக்கு காலைல அங்க பிரெட், சீஸ், பழம், தயிர் வாங்கி பையில போட்டுக்கங்க, மேல ஏறினப்புறம் எல்லாத்துக்கும் வேற விலை. மிக்ரோஸ்ல "எம் பட்ஜெட்", கோப்ல "பிரி கேரன்ட்டி"ன்னு சொந்த பிராண்டுல மலிவான அயிட்டம் இருக்கும். பால், தயிர், ரொட்டி, வாழைப்பழம் எல்லாம் கைக்கு அடக்கமான விலைதான். கடை மூடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துல போனா சாண்ட்விச், சாலட் மேல 25 சதவீதம், சிலசமயம் 50 சதவீதம் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, உள்ளூர்க்காரங்களே அதுக்குன்னு காத்திருந்து வாங்கறாங்க, நாம வாங்க என்ன கூச்சம்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை இருக்காது. சனிக்கிழமையும் சின்ன ஊர்ல சீக்கிரமே மூடிடுவாங்க. பெரிய ரயில்வே ஸ்டேஷன்லயும் ஏர்போர்ட்லயும் இருக்கற கடைங்க ஞாயிறும் திறந்திருக்கும். உங்க 7 நாள்ல ஞாயிறு எந்த ஊர்ல வருதுன்னு இப்பவே பாத்து வச்சுக்கங்க, இல்லன்னா அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மூணு வேளையும் ரெஸ்டாரன்ட் பில் கட்டுவீங்க.

மாமியாருக்கு: சூப் சைவம்னு நினைச்சு வாங்கிடாதீங்க, அடியில மாட்டிறைச்சி வேகவச்ச தண்ணி இருக்கும் பல இடத்துல. உருளைக்கிழங்கு ரோஸ்டின்னு ஒண்ணு கிடைக்கும், நல்லா இருக்கும், ஆனா பேர்ல "ஸ்பெக்"னு இருந்தா பன்றி. முட்டையையும் கேட்டுத்தான் வாங்கணும், பாஸ்தாவுலயும் கேக்குலயும் சர்வசாதாரணமா இருக்கும். சூரிக்ல ஹில்டில்னு 1898ல இருந்து நடக்கற சைவ ரெஸ்டாரன்ட் இருக்கு, உலகத்துலயே பழசுன்னு கின்னஸ்ல இருக்கற இடம், பஃபேல தட்டை எடை போட்டு காசு வாங்குவாங்க. மலிவு இல்ல, ஆனா பல நாள் ரொட்டி தின்னவங்களுக்கு ஒரு வேளை தெம்பா இருக்கும். எடைக்கு காசுங்கறதால குழம்பு, தண்ணியா இருக்கறதெல்லாம் அள்ளி ஊத்திக்காதீங்க. அப்புறம், ஈழத்தமிழர்கள் நிறைய பேர் அங்க இருக்காங்க, சூரிக், பேர்ன் மாதிரி ஊர்கள்ல தமிழ்க் கடைகள் உண்டு, அரிசி மாவுல இருந்து ஊறுகாய் வரைக்கும் கிடைக்கும். தமிழ்ல பேசி விலை கேட்டு வாங்கற சந்தோஷம் தனி.

டிரெயினுக்கு வருவோம். இங்கதான் நிறைய பேர் யோசிக்காம பணத்தை விடறாங்க. "சுவிஸ் டிராவல் பாஸ்"னு ஒண்ணு இருக்கு, எல்லாரும் அதைத்தான் வாங்கச் சொல்வாங்க, 8 நாளுக்கு ஆளுக்கு 400 பிராங்குக்கு மேல வரும். டிரெயின், பஸ், போட், 500க்கு மேல மியூசியம் எல்லாம் அதுல அடக்கம். நல்ல பாஸ்தான், ஆனா தினமும் ஊர் ஊரா சுத்தறவங்களுக்கு. நீங்க மூணு ஊர்ல தங்கறீங்க, மாமியாரை வச்சுக்கிட்டு தினம் நாலு மணி நேரம் டிரெயின்ல போகப்போறதில்ல. உங்களுக்கு "ஹாஃப் ஃபேர் கார்டு" போதும், ஒரு மாசத்துக்கு ஆளுக்கு 150 பிராங்க் வரைக்கும் ஆகும், அதை வச்சிருந்தா டிரெயின், பஸ், போட் பாதி விலை, பெரும்பாலான மலை ரயிலும் பாதி விலை. யுங்ஃப்ரௌயோக்ங்கற பனிமலைக்கு போறீங்கன்னா வித்தியாசம் நல்லா தெரியும், இன்டர்லாக்கன்ல இருந்து போக வர முழு டிக்கெட் சீசன்ல 200 பிராங்குக்கு மேல, ஹாஃப் ஃபேர்ல அது அப்படியே பாதி, டிராவல் பாஸ் வச்சிருந்தா கீழ் பாதை இலவசம் ஆனா மேல் பகுதிக்கு 25 சதவீதம்தான் கழிவு. கணக்கு போட்டு பாத்தா உங்க திட்டத்துக்கு ஹாஃப் ஃபேர்ல ஆளுக்கு 150லிருந்து 200 பிராங்க் வரைக்கும் மிச்சம்.

பொண்ணுக்கு காசே வேண்டாம். நீங்க கார்டு வாங்கும்போது "சுவிஸ் ஃபேமிலி கார்டு" கேளுங்க, இலவசமா தருவாங்க, 6ல இருந்து 15 வயசு வரைக்கும் குழந்தைங்க டிரெயின், பஸ், போட்ல அப்பா அம்மாகூட ஃப்ரீயா போகலாம். அப்பாவோ அம்மாவோ கூட இருக்கணும், அதுதான் ரூல். பாட்டியும் பேத்தியும் மட்டும் தனியா போட்ல போறாங்கன்னா கார்டு செல்லாது, அப்ப பொண்ணுக்கு டிக்கெட் எடுத்துடுங்க. ஸ்டேஷன்ல தடுப்புக் கதவே கிடையாது, யாரும் தடுக்கமாட்டாங்க, ஆனா செக்கர் திடீர்னு வருவார், டிக்கெட் இல்லன்னா 100 பிராங்க் பக்கம் அபராதம். ஏறினப்புறம் எடுத்துக்கலாம்ங்கறது அங்க நடக்காது, தெரியாம ஏறிட்டேன்னு சொன்னாலும் கேக்கமாட்டாங்க.

எஸ்பிபின்னு அந்த நாட்டு ரயில்வே ஆப் இருக்கு, அதைப் போட்டுக்கங்க. அதுல "சூப்பர்சேவர்"னு காட்டற டிக்கெட் நல்ல மலிவு, ஆனா அந்த ஒரு டிரெயின்லதான் போகணும், விட்டா போச்சு. லக்கேஜும் பெரியவங்களும் இருக்கற குடும்பத்துக்கு நான் அதை சிபாரிசு பண்ணமாட்டேன், ஒரு தடவை தவறவிட்டா மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடும். சூரிக் ஊருக்குள்ள சுத்தறதுக்கு போக வர ரெண்டு தனி டிக்கெட் எடுக்கற காசுக்கே 24 மணி நேர டிக்கெட் கிடைக்கும், அதை எடுத்துக்கங்க. இன்டர்லாக்கன்லயும் லூசெர்ன்லயும் ஹோட்டல்ல செக் இன் பண்ணும்போது கெஸ்ட் கார்டு குடுப்பாங்க, உள்ளூர் பஸ் அதுல இலவசம். குடுக்க மறந்தா வாய்விட்டு கேளுங்க, ஏன்னா அதுக்கான காசை டூரிஸ்ட் வரின்னு உங்க கிட்ட தினம் ஆளுக்கு சில பிராங்க் வாங்கத்தான் போறாங்க, அந்த வரி நீங்க முன்னாடி கட்டின ஹோட்டல் காசுல சேந்திருக்கா இல்லையான்னும் பாத்துடுங்க.

மலை விஷயத்துல என் அபிப்பிராயம், ஒண்ணு போதும். யுங்ஃப்ரௌயோக்கும் டிட்லிஸும் ரெண்டும் போனா ரெண்டாவதுல அதே பனியைத்தான் பாப்பீங்க. யுங்ஃப்ரௌயோக் 3,454 மீட்டர், மாமியாருக்கு பிரஷரோ மூச்சு பிரச்சினையோ இருந்தா டாக்டரை கேக்காம கூட்டிட்டு போகாதீங்க, அவங்களுக்கு லூசெர்ன் பக்கம் ரிகி மலை சௌகரியம், 1,800 மீட்டர்தான், விலையும் பாதிக்கு கீழ. எந்த மலையா இருந்தாலும் காலைல எழுந்து லைவ் கேமரா பாத்துட்டு டிக்கெட் எடுங்க, மேகம் மூடியிருந்தா மேல வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியும், காசு திரும்ப வராது. மூணு நாள் இன்டர்லாக்கன்ல இருக்கறதால உங்களுக்கு நாள் மாத்திக்க வசதி இருக்கு. மத்த நாள் லௌட்டர்ப்ரூனன் போங்க, 20 நிமிஷ டிரெயின், 297 மீட்டர் உயரத்துல இருந்து விழற ஷ்டௌப்பாக் அருவி ஃப்ரீயா பாக்கலாம். பக்கத்துல இசெல்ட்வால்ட்னு ஏரிக்கரை ஊர்ல ஒரு கொரியன் சீரியல்ல வந்த மரப்பாலம் இருக்கு, அதுல நின்னு போட்டோ எடுக்க ஆளுக்கு 5 பிராங்க் கேட் போட்டுட்டாங்க, பத்தடி தள்ளி நின்னா அதே ஏரி சும்மாதான் தெரியும்.

சில்லறைச் செலவு: ஸ்டேஷன் டாய்லெட் ஒண்ணரை, ரெண்டு பிராங்க், டிரெயினுக்குள்ள ஃப்ரீ, அதனால இறங்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் போயிட்டு வந்துடுங்க. டிப்ஸ் கட்டாயமில்ல, 1974ல இருந்து சர்வீஸ் சார்ஜ் விலைக்குள்ளயே அடக்கம். கார்டு கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் வாங்குவாங்க, 200 பிராங்க் கேஷ் போதும். கார்டு மெஷின் உங்க ஊர் பணத்துல கட்டறீங்களா பிராங்க்ல கட்டறீங்களான்னு கேக்கும், பிராங்க்னு அமுக்குங்க, இன்னொண்ணுல அவங்க ரேட் வச்சு உருவிடுவாங்க. "யூரோப் இ-சிம்" வாங்கறீங்கன்னா நாட்டு லிஸ்ட்ல சுவிட்சர்லாந்து பேர் இருக்கான்னு பாருங்க, அது ஐரோப்பிய யூனியன்ல இல்லாததால சில பிளான்ல விட்டுடுவாங்க.

கணக்கு இப்படி வருது: மூணு ஹாஃப் ஃபேர் கார்டு 450, ஊர் மாறற டிரெயின் 210 பக்கம், யுங்ஃப்ரௌயோக் மூணு பேருக்கு 360 மாதிரி, சாப்பாடும் சில்லறையும் நாளுக்கு 150 வச்சா 1,050. கூட்டினா 2,070, மேல 300 கையிருப்பு, ஒரு மழை நாள், ஒரு ஐஸ்கிரீம், ஒரு தப்பான டிரெயினுக்கு.

பெட்டி கட்டும்போது நெய், பால்கோவா, பால் சம்பந்தப்பட்ட எந்த ஸ்வீட்டும், கறி அயிட்டமும் வைக்காதீங்க, ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து அதெல்லாம் கொண்டுபோகத் தடை, பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேப்பாங்க. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல், ரெடிமிக்ஸ் உப்புமா எடுத்துட்டு போலாம், ஹோட்டல்ல வெந்நீர் கெட்டில் கேளுங்க. ரூம்ல ரைஸ் குக்கர் வச்சு தாளிக்கற வேலை மட்டும் வேண்டாம், புகை அலாரம் அடிச்சு ஃபயர் சர்வீஸ் வந்துட்டா அந்த பில்லுல பத்து நாள் ரெஸ்டாரன்ட்ல சாப்பிட்டிருக்கலாம். கெட்டிலோ சார்ஜரோ கொண்டுபோறீங்கன்னா பிளக் பாயின்ட் அங்க வேற மாதிரி, குழிக்குள்ள மூணு ஓட்டை, ஐரோப்பா அடாப்டர்னு விக்கற உருண்டை பெருசு உள்ள நுழையாது, ஒல்லியான ரெண்டு பின் தான் போகும், இங்கயே வாங்கிட்டு போயிடுங்க.