1957 ஜெர்மன் கிராண்ட் பிரி: 48 வினாடி பின்தங்கிய ஃபாஞ்சியோ எப்படி ஜெயித்தார்? (கேள்வி பதில்)

1957 ஆகஸ்ட் 4, நூர்பர்க்ரிங். ஒரு சுற்று 22.81 கி.மீ., மொத்தம் 22 சுற்று. மசராட்டி 250எஃப் ஓட்டிய 46 வயது ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோ, ஃபெராரியின் மைக் ஹாதோர்னை 3.6 வினாடி வித்தியாசத்தில் வென்றார். மூன்றாவது பீட்டர் காலின்ஸ், அவரும் ஃபெராரி. இந்தப் பந்தயம் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: ஃபெராரிக்காரர்கள் நிற்காமல் ஓடினார்கள். மசராட்டி மட்டும் ஏன் பாதி டேங்க் பெட்ரோலோடு கிளம்பியது?

டயர்தான் காரணம். மசராட்டியில் இருந்தது பிரெல்லி, ஃபெராரியில் எங்கல்பெர்ட். எங்கல்பெர்ட் கடினமானது, 500 கி.மீ. தாங்கும். பிரெல்லிக்குப் பிடிப்பு அதிகம், ஆனால் பின்பக்க ஜோடி 22 சுற்றும் தாங்காது. எப்படியும் டயருக்காக நிற்கத்தான் வேண்டும் என்றால், முழு டேங்க் எதற்கு?

இன்னொன்றும் உண்டு. 250எஃப்-இன் டேங்க் வால் பகுதியில், பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அன்றைய எரிபொருள் வெறும் பெட்ரோல் அல்ல, ஆல்கஹால் கலந்தது. அது நிறையக் குடிக்கும், அதனால் டேங்க்கும் பெரிது. முழுசாக நிரப்பினால் வளைவில் வால் ஊஞ்சல் மாதிரி வீசும். பாதி டேங்க்கில் வண்டி எடையும் குறைவு, வாலும் அடங்கியிருக்கும்.

கேள்வி: "மெக்கானிக் சொதப்பாமல் இருந்திருந்தால் ஃபாஞ்சியோ சுலபமாக ஜெயித்திருப்பார்" என்கிறார்களே, சரியா சார்?

சரியில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 சுற்று முடிந்து பிட்டுக்குள் (டயர் மாற்றி, எரிபொருள் நிரப்பும் இடம்) வரும்போது அவருக்கு இருந்த முன்னிலை சுமார் 28 வினாடி. வெளியே வந்தபோது சுமார் 48 வினாடி பின்னால். ஆக, அந்த ஒரு நிறுத்தத்தில் போனது 76 வினாடி. வண்டி அசையாமல் நின்றது 52, 53 வினாடிதான். மிச்சம் இருபதுக்கு மேல் வேகம் குறைத்து உள்ளே வந்ததிலும், நின்ற இடத்திலிருந்து கிளம்பி வேகம் பிடித்ததிலும் போயிற்று. அந்த இருபதை எந்த மெக்கானிக்காலும் மிச்சம் பிடிக்க முடியாது. 30 வினாடியில் வேலையை முடித்திருந்தாலும் ஏறக்குறைய 25 வினாடி பின்னால்தான் வந்திருப்பார். முதல் 12 சுற்றில் சுற்றுக்கு இரண்டேகால் வினாடி வீதம்தான் சேர்த்தார். இந்தத் திட்டத்துக்கு அது போதாது. திட்டமே இறுக்கமானது என்பதுதான் என் முடிவு.

அந்த 52 வினாடியில் நடந்த வேலை: டேங்க் நிரப்புதல், பின்சக்கரம் இரண்டையும் மாற்றுதல். கம்பிச் சக்கரம், நடுவில் காது வைத்த ஒற்றை நட்டு. சுத்தியலால் காதில் அடித்துக் கழற்றி, புதுச் சக்கரம் மாட்டி, மறுபடி அடித்து இறுக்க வேண்டும். வண்டியின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர் திசை. பதற்றத்தில் தவறான பக்கம் அடித்தால் கழல்வதற்குப் பதில் இறுகும். அன்று நடந்ததாகச் சொல்லப்படுவது வேறு: கழற்றிய நட்டு ஒன்று வண்டிக்கு அடியில் உருண்டுவிட்டது, அதைத் தேடி எடுப்பதில் நேரம் போயிற்று.

கேள்வி: வெளியே வந்ததும் ஏன் மெதுவாக ஓட்டினார்? ஃபெராரியை ஏமாற்றவா?

புது டயரைக் குளிர்ந்த நிலையிலேயே விரட்டினால் பிடிக்காது. மேல்பரப்பு லேசாகத் தேய்ந்து, சூடேற வேண்டும். அதற்கு ஒரு சுற்று தேவை. இங்கே ஒரு சுற்று என்றால் ஒன்பதரை நிமிடம். ஏமாற்றும் நோக்கம் இருந்ததோ இல்லையோ, விளைவு அதுதான்.

கேள்வி: 10 சுற்றில் 48 வினாடி விட்டுக்கொடுக்கும் அளவுக்கு ஃபெராரி குழு தூங்கியதா?

தூங்கவில்லை. சுற்றின் நீளம் அவர்களைக் கட்டிப்போட்டது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. அப்போது ரேடியோ கிடையாது. ஓட்டுநருக்குத் தகவல் போக ஒரே வழி, பிட் முன்னால் காட்டும் பலகை. மசராட்டி மெதுவாக வருவதைப் பார்த்து "இதே வேகம் போதும்" என்று காட்டினார்கள். ஹாதோர்னும் காலின்ஸும் அதை நம்பி, தங்களுக்குள் முன்னும் பின்னும் மாறி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஃபாஞ்சியோ வேகம் எடுத்த சுற்று முடிந்தால்தான் குழுவுக்கே தெரியும். அதைப் பலகையில் எழுதி அடுத்த முறை காட்ட இன்னொரு ஒன்பது நிமிடம். ஆகவே ஓட்டுநர் பார்ப்பது எப்போதும் பழைய செய்தி. மொனாக்கோ மாதிரி சிறிய பாதையாக இருந்திருந்தால் இரண்டே நிமிடத்தில் உஷாராகியிருப்பார்கள்.

கேள்வி: கடைசிச் சுற்றுகளின் நேரம்?

9:28.5, 9:25.3, 9:23.4, பிறகு 20-ஆவது சுற்றில் 9:17.4. சராசரி மணிக்கு 147.3 கி.மீ. பந்தயத்தில் கிளம்பும் வரிசையை முடிவு செய்ய, காலி பாதையில் எடுத்த அவருடைய தகுதிச் சுற்றே 9:25.6. முந்தைய ஆண்டு அவரே வைத்த சாதனை 9:41.6. ஒரே ஆண்டில் 24 வினாடி!

கேள்வி: தகுதிச் சுற்றைவிடக் குறைந்த அந்த 8 வினாடி எங்கிருந்து வந்தது?

கியரிலிருந்து. வழக்கமாக இரண்டாம் கியரில் எடுக்கும் வளைவை மூன்றாவதில், மூன்றாவதை நான்காவதில் எடுத்தார். கியர் மேலே போனால் பின்சக்கரம் வீணாகச் சுழலாது, வளைவை விட்டு வெளியே வரும் வேகம் கூடும், அடுத்த நேர்ப்பாதை முழுக்க அந்த வேகம் கூடவே வரும். நூற்றெழுபதுக்கு மேல் வளைவு உள்ள பாதையில் ஒவ்வொன்றிலும் துளித்துளியாகச் சேர்ந்தால் 8 வினாடி ஆச்சரியமில்லை. ஆபத்து என்ன? நுழையும் வேகத்தைத் தப்பாகக் கணித்தால் எஞ்சினைக் கொண்டு இழுத்துப் பிடிக்க வழி இல்லை. தான் அதற்கு முன்பும் அப்படி ஓட்டியதில்லை, இனியும் ஓட்ட முடியாது என்று அவரே பின்னர் சொன்னார்.

கேள்வி: முந்தியது எந்த இடத்தில்?

இருவரையும் 21-ஆவது சுற்றில். காலின்ஸை முந்தி, அகலமாகப் போனதால் இடம் இழந்து, மறுபடி முந்தினார். ஃபாஞ்சியோவின் சக்கரம் தெறித்த கல் காலின்ஸ் கண்ணில் அணிந்திருந்த கண்ணாடியை உடைத்தது. ஹாதோர்னை பாதையின் பிரைட்ஷைட் பகுதியில், உள்பக்கமாகப் புல்லில் சக்கரம் ஏற முந்தினார்.

கேள்வி: சிமுலேட்டரில் 250எஃப்-ஐ இங்கே ஓட்டுகிறேன். பாதிச் சுற்றிலேயே பிரேக் போய்விடுகிறது அண்ணே.

டிரம் பிரேக் அப்படித்தான். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், மிதி ஆழமாகப் போகும். தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள்: வண்டி நேராக இருக்கும்போதே சீக்கிரம், அழுத்தமாக, குறைந்த நேரம் மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். பாதையைப் பாருங்கள்: வேர்சைஃபனிலிருந்து பிரைட்ஷைட் பாலம் வரை இறக்கம், பிரேக்கைச் சுடுவது இதுதான். அதன்பின் ஹோஹே ஆக்ட் வரை பெரும்பாலும் ஏற்றம், தானாக ஆறிவிடும். எனவே இறக்கத்தில் மிச்சம் பிடித்தால் போதும். அரை டேங்க்கில் தொடங்குங்கள். இன்றைய 20.8 கி.மீ. பாதையில் வரும் நேரத்தை 9:17-உடன் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு வாரம் முன்பு பிரிட்டனின் எய்ன்ட்ரீயில் ஜெயித்த வான்வால் கார் இங்கே என்ன ஆயிற்று?

மேடுபள்ளத்துக்கு அதன் சஸ்பென்ஷன் ஒத்துவரவில்லை. அதை ஓட்டிய ஸ்டர்லிங் மாஸ் ஐந்தாவது.

கேள்வி: இன்னும் 2 பந்தயம் இருக்கும்போதே பட்டம் எப்படி உறுதியானது?

அப்போது முதலிடத்துக்கு 8 புள்ளி, அதிவேகச் சுற்றுக்கு 1. அர்ஜென்டினா 8, மொனாக்கோ 9, பிரான்ஸ் 8, ஜெர்மனி 9: மொத்தம் 34. அடுத்தவர் ஃபெராரியின் முஸ்ஸோ, 16. மிச்சமிருந்த பெஸ்காரா, மோன்சா பந்தயங்கள் இரண்டையும் அதிவேகச் சுற்றோடு வென்றாலும் அவருக்கு 34-தான், தாண்ட முடியாது. ஃபாஞ்சியோவுக்கு இது ஐந்தாவது பட்டம், 24-ஆவது வெற்றி. அதன்பின் அவர் எந்த உலகச் சாம்பியன்ஷிப் பந்தயத்தையும் வெல்லவில்லை.