லினக்ஸ் டிரைவரை ரீட்_இட்டருக்கு மாற்றும்போது: கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் கேரக்டர் டிரைவரில் (பைட்டுகளை வரிசையாகத் தரும் சாதனத்துக்கான கர்னல் நிரல்) பழைய ரீட், ரைட் செயல்பாடுகள் மட்டும்தான்; புதிய ரீட்_இட்டர், ரைட்_இட்டர் இல்லை. 5.4 கர்னலில் ஓடிய ஸ்ப்ளைஸ் (தரவைப் பயனர் நினைவகம் வழியே போகாமல் பைப்புக்கு நகர்த்தும் அழைப்பு), 5.10இல் ஈஇன்வால் (செல்லாத அழைப்பு என்ற பிழை) தருகிறது. ஏன்?

பதில்: முன்பு ஸ்ப்ளைஸுக்கு ஒரு பொதுவான மாற்றுவழி இருந்தது. செட்_எஃப்எஸ் (பயனர் முகவரிச் சோதனையைத் தளர்த்தும் கர்னல் அழைப்பு) போட்டு, கர்னல் பஃபரைப் பயனர் பஃபர் போல நடிக்கவைத்து உங்கள் ரீட்டை அழைக்கும். பாதுகாப்புக்கு ஆபத்தான வழி அது, 5.10இல் எடுத்துவிட்டார்கள், நல்லதுதான். ரீட்_இட்டர் எழுதுங்கள்; பஃபர் பயனருடையதா கர்னலுடையதா என்பதை அதற்கு வரும் இட்டர் என்ற பொருளே சொல்லிவிடும். அது மட்டும் போதாது, டிரைவரின் செயல்பாட்டு அட்டவணையில் ஸ்ப்ளைஸ்_ரீட்டையும் நிரப்ப வேண்டும்: 6.4 வரை ஜெனரிக்_ஃபைல்_ஸ்ப்ளைஸ்_ரீட், 6.5 முதல் காப்பி_ஸ்ப்ளைஸ்_ரீட்.

கேள்வி: மாற்றிவிட்டேன் அண்ணா. ஆனால் ஒவ்வொரு ரீட்டும் ஈஃபால்ட் (தவறான முகவரி என்ற பிழை) தருகிறது.

பதில்: காப்பி_டு_யூசர் இருந்த இடத்தில் காப்பி_டு_இட்டர் என்று பெயரை மட்டும் மாற்றியிருப்பீர்கள். முன்னது நகலெடுக்காமல் மிஞ்சிய பைட்டுகளைச் சொல்லும். பின்னது நகலெடுத்த பைட்டுகளைச் சொல்லும். அதனால் 'பூஜ்யம் இல்லையென்றால் பிழை' என்ற பழைய சோதனை தலைகீழாகிவிடுகிறது. பூஜ்யம் வந்தால் மட்டும் ஈஃபால்ட். பாதி போயிருந்தால் அந்த எண்ணிக்கையையே திருப்பிக் கொடுங்கள். கேஐ_பாஸையும் (கோப்பில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற எண்) நீங்களே நகர்த்த வேண்டும். இட்டர் பஃபரில்தான் முன்னேறும், கோப்பின் இடத்தைத் தொடாது. மறந்தால் கேட் கட்டளை அதே தரவை முடிவில்லாமல் கொட்டும்.

கேள்வி: பழைய ரைட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் இருந்தால் சாதாரண ரைட் பழையதற்கும், ரைட்வி (பல பஃபர் துண்டுகளை ஒரே அழைப்பில் எழுதுவது) புதிய ரைட்_இட்டருக்கும் போகும். கர்னல்_ரைட்டோ (கர்னலுக்குள்ளிருந்தே கோப்பில் எழுதும் அழைப்பு) இரண்டும் உள்ள கோப்பை ஏற்காது. ஆல்சாவின் (லினக்ஸின் ஒலி அமைப்பு) பிசிஎம் என்ற ஒலித்தரவுப் பகுதி இரண்டையும் வைத்திருப்பது, அங்கே ரைட்வியின் பொருளே வேறு என்பதால்.

மாற்றும் முன் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பழைய ரைட் மட்டும் இருக்கையில், 3 துண்டு ரைட்வி உங்களை 3 முறை அழைக்கும். ரைட்_இட்டரில் ஒரே அழைப்பு. ஒரு ரைட்டுக்கு ஒரு கட்டளை என்று எடுத்துக்கொள்ளும் டிரைவரானால், 3 கட்டளைகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். கம்பைலர் எச்சரிக்காது. பயனர் நிரல்களை எஸ்ட்ரேஸில் (நிரல் செய்யும் கர்னல் அழைப்புகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, ரைட்வி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், துண்டு எல்லையை நம்பாமல் கட்டளையின் தலைப்பில் உள்ள நீளத்தைப் படித்துப் பிரியுங்கள். தலைப்பில் நீளமே இல்லையென்றால் அந்த டிரைவரின் ரைட்டை இப்போதைக்கு மாற்றாதீர்கள். ரீட்டை மட்டும் மாற்றலாம்.

கேள்வி: ஐஓ_யூரிங்குக்கு (காத்திருக்காமல் ரீட், ரைட் கோரிக்கைகளை வரிசையில் போடும் லினக்ஸ் வசதி) வேறு ஏதாவது?

பதில்: 'காத்திருக்காதே' என்று கோப்புக்கு வைக்கும் ஓ_நான்பிளாக் கொடியை மட்டும் பார்த்தால் போதாது, அதையே ஒவ்வொரு கோரிக்கைக்கும் சொல்லும் ஐஓசிபி_நோவெயிட்டும் பாருங்கள். தரவு இல்லையென்றால் காத்திருக்காமல் ஈஅகெய்ன் (பிறகு முயற்சி செய் என்ற பதில்) கொடுங்கள். அதைச் சரியாகச் செய்த பிறகே, டிரைவர் காத்திருக்காமல் பதிலளிக்கும் என்று கர்னலுக்குச் சொல்லும் எஃப்மோட்_நோவெயிட் கொடியை ஓபனில் வையுங்கள்.