ஒகேனக்கல்லில் மழையே இல்லை, அப்புறம் ஏன் பரிசலுக்குத் தடை?

தர்மபுரியில் வெயில் கொளுத்தினாலும் ஒகேனக்கல்லில் வெள்ளம் வரும். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்து, கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் உபரிநீர் திறந்தால், அது காட்டு மலைகளுக்கு நடுவே இறங்கி தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாக நம் பக்கம் வருகிறது. செய்தியில் சொல்லும் கன அடிக் கணக்கு அங்கே அளப்பதுதான்.

அகலமாக வந்து சேரும் காவிரி, ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே பல கிளையாக விழுந்து செங்குத்தான இடுக்குக்குள் ஓடுகிறது. பரவ இடமில்லை; தண்ணீர் கூடினால் மட்டமும் வேகமும்தான் ஏறும். மூங்கிலில் முடைந்த வட்டப் பரிசலுக்கோ சுக்கான் கிடையாது, ஒற்றைத் துடுப்புதான். சுழலில் சிக்கினால் பம்பரம்! பாறையில் மோதாமல் விலக்குவதே பரிசல்காரருக்குப் பெரும்பாடு. தடையைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

ஜூலை, ஆகஸ்டில் போவதானால் முதல் நாளே நீர்வரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளிக்கவும் தடை போட்டிருப்பார்கள். மீன் வறுவல் மட்டும் எப்படியும் கிடைக்கும்.